கிளினிக்கால் வந்த பிறகு

முதலில் பிளேன்ரீயைக் குடியுங்கள், ஆறப் போகிறது. அந்தக் கிளினிக் கொப்பியைக் கொஞ்ச நேரம் மேசையில் வையுங்கள். டொக்டர் எழுதிய "ஓட்டிசம்" என்ற சொல் நாளைக்கும் அதிலேதான் இருக்கும். காணியை விற்பதா, சென்னைக்குக் கொண்டு போவதா, கனடாவில் இருக்கிற மாமாவிடம் காசு கேட்பதா, இனி எந்தப் பள்ளிக்கூடம் என்ற கேள்விகளில் ஒன்றுக்கும் இந்தக் கிழமை பதில் தேட வேண்டியதில்லை. இந்தக் கிழமைக்கென்று வேறு வேலைகள் இருக்கின்றன. அவை சின்ன வேலைகள், காசு அதிகம் கேட்காதவை. ஆனால் பிந்தக்கூடாது. கொழும்பில் இருக்கிற ஒரு குடும்பத்துக்குச் சொல்வதைக் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வவுனியா வடக்குக்கும் அப்படியே சொன்னால் உதவாது. அதனால் கொஞ்சம் ஆறுதலாகவே கதைப்போம்.

"ஒரு இரத்தப் பரிசோதனையும் எடுக்கவில்லை, ஸ்கானும் இல்லை. அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு எப்படிச் சொல்லலாம்?" அநேகமான அப்பாமார் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. இரத்தத்திலோ படத்திலோ ஓட்டிசம் தெரியாது. பிள்ளை எப்படி விளையாடுகிறது, விரும்பியதை விரலால் சுட்டிக் காட்டுகிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா, தான் கண்டு சந்தோசப்பட்டதை உங்களுக்கும் காட்ட வருகிறதா, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறதா, சத்தம், உடுப்பு, சாப்பாட்டின் பதம் என்று எதற்காவது அளவுக்கு மீறிக் குழம்புகிறதா என்பதையெல்லாம் பார்த்தும் உங்களிடம் கேட்டும்தான் வைத்தியர் முடிவுக்கு வருகிறார். மூளை வளர்கிற விதத்தில் இருக்கும் வித்தியாசம் இது. தொற்றாது, காய்ச்சல் போல் வந்து மாறிப் போகிற ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளை ஒரு சொல்லும் பேசாது, இன்னொன்று வாய் ஓயாமல் கதைக்கும். இரண்டுக்கும் இதே பெயரைச் சொல்வார்கள். ஆகவே பக்கத்து ஊர்ப் பிள்ளையைப் பார்த்து உங்கள் பிள்ளையின் எதிர்காலத்தைக் கணக்குப் போடாதேயுங்கள்.

நீங்கள் சொல்கிற பதில்களில் இவ்வளவு தங்கியிருப்பதால் ஒரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டில் தயாரித்த கேள்விகளுக்கு எங்கள் அம்மாமார் "ஓம்", "இல்லை" என்று சொல்லும்போது பிழைகள் வந்துவிடும். "சுட்டிக் காட்டுவானோ?" என்று கேட்டால், அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து அலுமாரிக்குக் கொண்டுபோவதையும் சேர்த்து "ஓம்" என்பார்கள். அந்த இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கொழும்பில் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவருடன் வேலை செய்தவர்களும் கேள்விகளோடு படங்களையும் காட்டிக் கேட்கும் ஒரு முறையை உருவாக்கியது இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் எடுத்த இரண்டு மூன்று சின்ன வீடியோக்களைப் போனில் கொண்டு போங்கள். பிள்ளை தனியே விளையாடுவது ஒன்று, சாப்பிடுவது ஒன்று, கூப்பிட்டால் என்ன செய்கிறது என்று ஒன்று. புது இடத்தில் அழுதுகொண்டிருக்கிற பிள்ளையைப் பார்ப்பதைவிட அது வைத்தியருக்கு நிறையச் சொல்லும்.

அதே பேராசிரியரின் குழு 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நகரை அண்டிய ஒரு பகுதியில் 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளைச் சோதித்தபோது 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு வந்தது. சின்ன ஆய்வு அது. அதை வைத்து முழு நாட்டையும் அளக்க முடியாது. ஆனால் நூறு பிள்ளைகளுக்கு ஒருவர் அளவில் என்று உலக சுகாதார நிறுவனம் பல காலமாகச் சொல்லிவந்ததோடு அது ஒத்துப் போகிறது. அப்படியானால் உங்கள் கிராமத்திலும் அடுத்த கிராமத்திலும் இன்னும் சில பிள்ளைகள் இருக்கத்தான் வேண்டும். "ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைப்பான், இவன்ர அப்பாவும் நாலு வயசிலதான் கதைச்சவர்" என்று சொல்லிக்கொண்டு சில வீடுகளில் காத்திருக்கிறார்கள். நீங்கள் காத்திராமல் போய்க் காட்டிவிட்டீர்கள். அதில் பாதி வேலை முடிந்தது.

இனி, "ஏன் எங்களுக்கு?" என்ற கேள்வி. வன்னியில் இதற்குப் பதில் சொல்ல எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. இன்றைக்கு மூன்று வயதுப் பிள்ளை வைத்திருக்கும் பல அம்மாமார் 2009இல், யுத்தம் முடிந்தபோது, தாங்களே பிள்ளைகள். பங்கருக்குள் இருந்தார்கள், முள்ளிவாய்க்கால் வரை நடந்தார்கள், பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கம்பி வேலிக்குள் இருந்தார்கள். "அந்தப் பயம்தான் என்ர பிள்ளைக்கு வந்திருக்கு" என்று ஓர் அம்மா சொன்னால் அதைச் சிரித்துத் தள்ள முடியாது. ஆனால் உங்கள் நெஞ்சில் கிடக்கும் அந்தப் பயம் பிள்ளைக்கு ஓட்டிசமாக இறங்குவதில்லை. உங்கள் நித்திரையையும் பொறுமையையும் அது பாதிக்கும், அதற்கு மருந்தும் உதவியும் தனியே இருக்கின்றன. 2019இல் டென்மார்க், சுவீடன், பின்லாந்து, இஸ்ரேல், மேற்கு அவுஸ்திரேலியா ஆகிய இடங்களில் 20 இலட்சம் வரையான பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு, ஓட்டிசத்துக்கான காரணத்தில் ஏறக்குறைய 80 வீதம் மரபணுக்களின் பங்கு என்று கண்டது. உடனே, தாய் வழியா தகப்பன் வழியா என்று வீட்டில் வழக்கு வைக்காதேயுங்கள். அநேகமாக ஒரு மரபணு இல்லை, மிகப் பல மரபணுக்கள் சேருகிற விசயம். எந்த வழி என்று மாமியாருக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது.

தடுப்பூசிக் கதையும் உங்களைத் தேடி வரும். எங்கள் நாட்டில் 9 மாதத்திலும் 3 வயதிலும் எம்.எம்.ஆர். ஊசி போடுகிறார்கள், 18 மாதத்தில் வேறொன்று. பிள்ளை கதைக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை என்று நாங்கள் கவனிக்கத் தொடங்குவதும் அந்த வயதுகளில்தான். இரண்டும் ஒரே காலத்தில் வருவதால் ஒன்று மற்றதைக் கொண்டுவந்தது போலத் தெரிகிறது. 1998இல் அன்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற இங்கிலாந்து வைத்தியர் 12 பிள்ளைகளை வைத்து இந்தத் தொடர்பைக் கிளப்பினார். அந்தக் கட்டுரையை லான்செற் சஞ்சிகை 2010இல் மீளப் பெற்றது, அதே வருடம் அவருடைய பெயர் வைத்தியர் பதிவிலிருந்தும் எடுக்கப்பட்டது. பிறகு டென்மார்க்கில் ஆறரை இலட்சம் பிள்ளைகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2019இல் வந்த அந்த முடிவில் ஊசி போட்ட பிள்ளைகளுக்கும் போடாத பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இல்லை. தங்கச்சிப் பாப்பாவின் ஊசியை நிற்பாட்டி விடாதேயுங்கள். சின்னமுத்து வந்து படுத்தால் அது உண்மையான ஆபத்து.

முதல் வேலைக்கு வருவோம். காது. பெயர் சொன்னால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். "பிஸ்கற் பைக்கற் உடைக்கிற சத்தத்துக்கு ஓடி வாறான், காது நல்லாத்தான் கேக்குது" என்று விட்டுவிடுகிறோம். சில சத்தங்கள் கேட்கும், பேச்சுச் சத்தம் சரியாகக் கேட்காமல் இருக்கும். அதனால் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாஞ்சோலை, வவுனியா என்று நீங்கள் போகிற மாவட்ட வைத்தியசாலையில் காது பரிசோதனைக்குக் கடிதம் வாங்குங்கள். அங்கே வசதி இல்லையென்றால் யாழ்ப்பாணத்துக்கு எழுதித் தருவார்கள். அதோடு சேர்த்து, பிள்ளை முன்பு சொன்ன சொற்களை இழந்துவிட்டதா, கண் செருகி நின்ற நேரம், கை கால் இழுத்த நேரம் ஏதாவது உண்டா, நித்திரை எப்படி, மலச்சிக்கல் இருக்கிறதா, மண் தின்னுகிறதா என்பதையும் கேட்காமலே சொல்லுங்கள். வலிப்பு, இரத்தச் சோகை, மலச்சிக்கல் எல்லாம் வைத்தியம் உள்ளவை. வயிற்று நோவைச் சொல்லத் தெரியாத பிள்ளை தலையைச் சுவரில் மோதும். அதை "ஓட்டிசம்தானே" என்று விட்டுவிட்டால் பாவம்.

இப்போது பெரிய விசயம். பேச்சுச் சிகிச்சைக்கு எழுதித் தந்திருப்பார்கள். தமிழ் பேசுகிற பேச்சுச் சிகிச்சையாளர்கள் நாட்டிலே குறைவு, வடக்கில் இன்னும் குறைவு. முல்லைத்தீவுக் கரையிலிருந்து பரந்தன் சந்திக்கு வரவே ஐம்பது கிலோமீற்றர் அளவு, அங்கிருந்து பிறகு வேறு பஸ். மாதத்தில் ஒருநாள் அரை மணித்தியாலம் கிடைத்தாலே நல்ல அதிர்ஷ்டம். அந்த அரை மணித்தியாலத்தை நினைத்துத்தான் நாங்கள் காத்திருக்கிறோம். ஆனால் மூன்று வயதுப் பிள்ளை ஒருநாளைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் அளவில் முழித்திருக்கிறது. மாதத்துக்கு 360 மணித்தியாலம். அந்த நேரம் முழுக்க இருப்பது உங்கள் வீட்டில். சிகிச்சையாளர் பிள்ளையைப் பழக்க வருகிறார் என்று எண்ணாதேயுங்கள். உங்களைப் பழக்கத்தான் வருகிறார். அவர் உள்ளே பிள்ளையோடு இருக்கும்போது நீங்கள் வெளியில் வாங்கில் இருக்கக்கூடாது. கூட இருந்து பாருங்கள், "இதை நான் வீட்டில எப்பிடிச் செய்யிறது?" என்று கேளுங்கள், அவருக்கு முன்னாலேயே ஒருமுறை செய்து காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

இதை நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. பேராசிரியர் பெரேராவின் குழுவே கொழும்பில் தாய்மாருக்குப் பழக்கி, வீட்டில் வைத்துச் செய்விக்கும் பயிற்சியின் பலனை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டது. அப்படிச் செய்த பிள்ளைகள், செய்யாத பிள்ளைகளைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பராமரிப்பாளர் பயிற்சியும் இதே எண்ணத்தில் அமைந்ததுதான்: 2 முதல் 9 வயது வரையான பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்பது கூட்டங்கள், மூன்று முறை வீட்டுக்கு வந்து பார்ப்பது. பெரிய நிபுணர்கள் இல்லாத ஊர்களில் பயிற்சி பெற்ற சாதாரண உத்தியோகத்தர்களே நடத்தக்கூடிய மாதிரி அதை எழுதியிருக்கிறார்கள். எங்கள் குடும்பநல மாதுக்களும் முன்பள்ளி ஆசிரியைகளும் தாராளமாகச் செய்யக்கூடிய வேலை அது. மாகாண சுகாதாரத் திணைக்களம் யோசிக்க வேண்டும்.

சரி, வீட்டில் என்ன செய்வது? விளையாட்டுச் சாமான் வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம். பிள்ளை இப்போது எதில் கிடக்கிறதோ அங்கே போய்ப் பக்கத்தில் இருங்கள். சைக்கிளைக் கவிட்டு வைத்துச் சில்லைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான் என்று வைப்போம். நாங்கள் செய்வது சைக்கிளைப் பறித்து வைப்பது, அவன் கத்துவது. அதற்குப் பதில் நீங்களும் நிலத்தில் இருந்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். "சுத்து" என்று சொல்லிச் சுற்றுங்கள். பிறகு கையால் சில்லை நிற்பாட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள். மனதுக்குள் பத்து மட்டும் எண்ணுங்கள். பத்து எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரியும். எங்களுக்கு இடைவெளி பிடிக்காது, உடனே சொல்லை நிரப்பிவிடுவோம். அந்த இடைவெளியில் பிள்ளை உங்களை ஒரு கணம் பார்க்கும், அல்லது உங்கள் கையைத் தொடும், அல்லது ஒரு சத்தம் போடும். அது போதும். உடனே "சுத்து!" என்று சுற்றிவிடுங்கள். சொல்லைச் சரியாகச் சொன்னால்தான் தருவேன் என்று பிடித்து வைத்து அழவிடுவது பாடம் இல்லை, தண்டனை. கண்ணைப் பார் என்று நாடியைப் பிடித்துத் திருப்புவதும் அப்படித்தான்.

இதே முறையை நாள் முழுக்க வீட்டு வேலைக்குள் வையுங்கள். கிணற்றடியில் குளிப்பாட்டும்போது முதல் வாளியை "ஊத்து" என்று சொல்லி ஊற்றுங்கள், இரண்டாவது வாளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். மாமரத்துக் கொப்பில் சீலை ஊஞ்சல் கட்டி மூன்று முறை ஆட்டிவிட்டு நிற்பாட்டுங்கள். கோழிக்கு அரிசி போடும்போது ஒரு பிடியை அவன் கையில் கொடுத்து "போடு" என்று சொல்லுங்கள். பிஸ்கற் ரின்னைக் கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள், கேட்பதற்கு ஒரு காரணம் பிறக்கும். நீளமாகப் பேசாதேயுங்கள். "என்ர குஞ்சு இஞ்ச வாங்கோ, அம்மா உங்களுக்குச் சோறு தீத்தி விடப்போறன்" என்பதில் பிள்ளைக்குப் பிடிபட வேண்டிய சொல் ஒன்றுதான், "சோறு". பிள்ளை ஒரு சொல் சொல்லத் தொடங்கினால் நீங்கள் இரண்டு சொல் சொல்லுங்கள். அவன் "சோறு" என்றால் நீங்கள் "சோறு தா". அவன் கொப்பிப் பேச்சுப் பேசினால் பயப்பட வேண்டாம். "தண்ணி வேணுமோ?" என்று கேட்டால் அவனும் "வேணுமோ?" என்று திருப்பிச் சொல்லுவான். ஆகவே அவன் சொல்ல வேண்டிய மாதிரியே நீங்கள் சொல்லுங்கள்: "தண்ணி வேணும்." அவனுடைய பெயரைச் சும்மா சும்மா கூப்பிடுவதையும் குறையுங்கள். ஒருநாளைக்கு நூறு தரம் "தம்பி, தம்பி" என்று காரணமில்லாமல் கேட்டால் அதுவும் வீதியில் போகிற பஸ் சத்தம் மாதிரி ஆகிவிடும். பெயரைச் சொன்னால் பிறகு ஏதாவது நல்லது நடக்க வேண்டும்.

படங்கள் உதவும். உங்கள் வீட்டுக் கோப்பை, உங்கள் கக்கூசு, உங்கள் சைக்கிள், அம்மம்மாவின் வீடு என்று போனில் படமெடுத்து ஸ்ரூடியோவில் அச்சடித்துக் கொள்ளுங்கள். வெளிக்கிட முன் எங்கே போகிறோம் என்று காட்டுங்கள். படம் காட்டினால் பேச்சு வராது என்று சொல்லுவார்கள், அது சரியில்லை. கேட்டால் கிடைக்கும் என்று எந்த வழியிலாவது தெரிந்த பிள்ளைக்குத்தான் கேட்க ஆசை வரும்.

போன் விசயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. போன் பார்த்ததால் ஓட்டிசம் வந்தது என்று சொல்லி அம்மாமாரை அழவைக்கிறார்கள், அதற்கு நான் உடன்படவில்லை. ஆனால் 360 மணித்தியாலம் என்று சொன்னேனே, அதில் பாதியைப் போன் தின்றுவிட்டால் நாங்கள் விளையாட நேரம் எங்கே? இன்னொன்றும் நடக்கிறது. யூடியூப் பார்த்து ஏ முதல் இசட் வரை சொல்லும், ஆங்கிலத்தில் நிறம் சொல்லும், இலக்கம் சொல்லும். ஆனால் "அம்மா" என்று கூப்பிடாது. சனம் "கெட்டிக்காரன், இங்கிலிஸ் கதைக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போகும். அது பாட்டு ஒப்பிப்பது போலத்தான். கேட்பதற்கும் மறுப்பதற்கும் கூப்பிடுவதற்கும் உதவுகிற பேச்சு வேறு. அது வீட்டு மொழியில், முகத்தைப் பார்த்து, உங்களோடுதான் வரும். போனை ஒரே நாளில் பறித்தால் வீடு தலைகீழாகும். முதலில் சாப்பாட்டு நேரத்திலிருந்து எடுங்கள், பிறகு படுக்கை நேரத்திலிருந்து.

அடுத்ததை இன்றைக்குப் பின்னேரமே செய்ய வேண்டும். உங்கள் கிணற்றுக்குக் கட்டு இருக்கிறதா? ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் சொல்லாமல் கொள்ளாமல் வெளிக்கிட்டுப் போவார்கள், அதில் நிறையப் பேருக்குத் தண்ணீர் என்றால் உயிர். இந்தப் பிள்ளைகளின் விபத்து மரணங்களில் நீரில் மூழ்குவது முன்னுக்கு நிற்கிறது. வன்னியில் வளவுக்கு வளவு கிணறு, படலையைத் திறந்தால் வாய்க்கால், கொஞ்சம் தள்ளி இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அந்தப் பக்கம் நந்திக்கடல். கட்டில்லாக் கிணற்றுக்கு இன்றைக்கே கம்பி வலையோ தகரமோ போட்டு மூடுங்கள், பிறகு கட்டுங்கள். படலைக்குப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் கொழுக்கி போடுங்கள், ஒரு சின்ன மணியும் கட்டுங்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை எங்கள் பக்கத்தில் இன்னும் முடியவில்லை. மண்டையோட்டுப் பலகையை வாசித்துத் திரும்புகிற பிள்ளை இல்லை இது. காட்டுக்கரைக் கிராமங்களில் யானையும் இருக்கிறது. அதனால் சுற்றியுள்ள நாலைந்து வீடுகளுக்கும், மூலைக் கடைக்காரருக்கும், விதானையாருக்கும் வெட்கப்படாமல் சொல்லிவையுங்கள்: "இவன் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், பேர் சொல்லத் தெரியாது, தனியே கண்டால் பிடிச்சு வைச்சுக்கொண்டு எங்களுக்குப் போன் அடியுங்கோ." காணாமல் போனால் முதலில் தேட வேண்டிய இடம் தண்ணீர்.

காசு பற்றி. யாராவது "மாற்றித் தருவோம்" என்று சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். ஓட்டிசத்தையே மாற்றும் மருந்து இன்று உலகில் இல்லை. அளவுக்கு மீறிய கோபம், தன்னைத்தானே காயப்படுத்துவது, நித்திரையின்மை, வலிப்பு போன்றவற்றுக்கு மருந்து இருக்கிறது, அதை வைத்தியர் தருவார். சென்னையில் இருந்து ஸ்டெம் செல் சிகிச்சை விளம்பரங்கள் வட்சப்பில் வரும். இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையமே 2022 டிசம்பரில், ஓட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. உடம்பிலிருந்து ஈயம், பாதரசம் எடுப்பதாகச் சொல்லும் சிகிச்சையால் 2005இல் அமெரிக்காவில் ஓர் ஐந்து வயதுப் பிள்ளை இறந்தது. நகையை அடகு வைப்பதென்றால் கிணற்றுக் கட்டுக்கு வையுங்கள், யாழ்ப்பாணக் கிளினிக்குப் பஸ் காசுக்கு வையுங்கள்.

கோயிலுக்கு நான் எதிரி இல்லை. வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்குங்கள், புதூர் நாகதம்பிரானிடம் போங்கள், மடு மாதாவிடம் மன்றாடுங்கள். அது உங்களுக்குத் தெம்பு. வைகாசிப் பொங்கல் சனத்துக்குள்ளும் லவுட்ஸ்பீக்கருக்குக் கீழேயும் பிள்ளையைக் கொண்டு நிற்காமல், வேறொரு அமைதியான நாளில் கூட்டிப் போனால் அதற்கும் நிம்மதி. நூல் கட்டுகிறவர் கிளினிக்கை நிற்பாட்டச் சொன்னால் மட்டும் கேட்காதேயுங்கள்.

கடதாசி வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லா வைத்தியக் கடிதத்தையும் போட்டோக்கொப்பி எடுத்துச் சிறுவர் சுகாதாரப் பதிவேட்டோடு ஒரு பைலில் வையுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து மாற்றுத்திறனாளிகள் பதிவிலும், தகுதி இருந்தால் மாதக் கொடுப்பனவுக்கும் விண்ணப்பியுங்கள். தொகையும் நிபந்தனைகளும் மாறிக்கொண்டிருப்பதால் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதிந்தால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடும் என்று பயப்படும் குடும்பங்கள் உண்டு. பதியாவிட்டால் பிள்ளை மாறப் போவதில்லை, உதவிதான் பிந்தும்.

முன்பள்ளிக்கு அனுப்புங்கள். முதலில் ஒரு மணித்தியாலம் போதும், நீங்களும் கூட இருக்கலாம். ஐந்து வயதாகும்போது முதலாம் ஆண்டா, சில பாடசாலைகளில் இருக்கிற விசேட கல்வி அலகா என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்கலாம். கோண்டாவில் சிவபூமி, கைதடி நவீல்ட் போன்ற விசேட பாடசாலைகளைப் பற்றிச் சொல்லுவார்கள். நல்ல இடங்கள்தான், ஆனால் இரண்டும் யாழ்ப்பாணத்தில். மூன்று வயதுப் பிள்ளையைத் தூரத்தில் விடுகிற யோசனை இப்போது வேண்டாம். "இப்பிடிப் பிள்ளையை எடுக்க மாட்டம்" என்று எங்காவது சொன்னால் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தை நினைவுபடுத்துங்கள். வலுவிழப்பைக் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதை அது தடுக்கிறது. சண்டைக்குப் போகாமல் கடிதமாகக் கேளுங்கள். எழுத்தில் "இல்லை" என்று சொல்ல எல்லோரும் யோசிப்பார்கள்.

இவ்வளவையும் செய்யப் போவது யார்? அநேகமாக ஒரே ஆள், அம்மா. அப்பா வயலில் அல்லது கடலில் அல்லது கட்டாரில். சில வீடுகளில் அப்பா இல்லவே இல்லை. நுண்கடன்காரர் செவ்வாய்க்கிழமை வருவார். மூத்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். இந்த அம்மாவுக்கு நித்திரை வராவிட்டால், சாப்பிட மனமில்லாவிட்டால், பிள்ளையோடு சேர்ந்து செத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தால், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்குத் தமிழிலேயே கதைக்கலாம்.

அப்பாமாருக்கு ஒரு சொல்: கட்டாரில் இருந்து வீடியோ கோலில் "பிள்ளை இண்டைக்கு என்ன சொன்னவன்?" என்று பரீட்சை வைக்காமல் "நீ சாப்பிட்டனியோ?" என்று கேளுங்கள். அம்மம்மாமாருக்கும் சித்திமாருக்கும் பக்கத்து வீட்டாருக்கும்: எந்த வைத்தியர் நல்லவர், எந்தக் கோயில் நல்லது என்று ஆலோசனை சொல்ல ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள். கிழமையில் இரண்டு மணித்தியாலம் வந்து அந்தப் பிள்ளையோடு முற்றத்தில் இருந்து சில்லுச் சுற்றுங்கள். அந்த நேரம் அவள் படுக்கட்டும்.